எடுத்த இழையும் திருப்பி வைத்த இழையும்

அந்தத் துணியின் வழியாக எனக்கு முதலில் தெரிந்தது எதிர்வீட்டுச் செர்ரி மரம்தான். என் மனைவி துணியின் இரண்டு மூலைகளைப் பிடித்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். வெளியே மழை. சிவப்பும் கருநீலமுமாகக் கட்டம் போட்ட துணி. அதில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன இடைவெளிகள். ஒவ்வோர் இடைவெளியிலும் மரத்தின் ஒரு துண்டு, ஒரு பூ, கொஞ்சம் சாம்பல் நிற வானம். நான் நாற்காலியில் அரைத் தூக்கத்தில் இருந்தேன். மரமே துணியாகிவிட்டது என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

"ஏங்க, பாத்தீங்களா? பாவம், துணி பூரா நூல் விட்டுப்போயிருக்கு" என்றாள்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மகன் வீட்டின் பின்பக்கம் ஒரு கண்ணாடி அறை உண்டு. பதினோரு கண்ணாடிகள், அதில் ஒன்றின் ஓரத்தில் ஈரம் கசிகிறது, சொன்னால் மகன் கேட்பதில்லை. பகலெல்லாம் நானும் அவளும் அங்கேதான். துணி எங்களுடையதல்ல. எதிர்வீட்டுப் பெண் கொடுத்துவிட்டுப் போனது.

அவர் நைஜீரியாவைச் சேர்ந்தவர். நைஜர் ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் ஒரு தீவில் பிறந்தவர். என் மருமகளோடு ஒரே மருந்துக் கம்பெனியில் வேலை. அது தவிர வீட்டு பேஸ்மெண்டில் சொந்தமாக ஓர் ஆடை பிராண்டு நடத்துகிறார். ஜாக்கெட், மேலே போர்த்திக்கொள்ளும் சால்வை, இடுப்பில் கட்டுகிற துணி எல்லாம் அவருடைய ஊரில் தயாராகி வரும். மருமகள் அதற்குப் படம் எடுத்துக் கொடுப்பாள். அந்தச் சனிக்கிழமை நியூயார்க்கிலிருந்து ஒரு கடைக்காரப் பெண்மணி துணியைப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் முதல் பெரிய ஆர்டர். கிடைத்தால் எதிர்வீட்டுப் பெண் லேப் வேலையை விட்டுவிடலாம். ஊரில் அவருடைய சித்திக்கும், சித்தியோடு உட்கார்ந்து வேலை செய்கிற ஆறு பெண்களுக்கும் வருடம் முழுக்க வேலை இருக்கும். கிடைக்காவிட்டால் பேஸ்மெண்டைக் காலிசெய்வதாக மருமகளிடம் சொல்லியிருந்தார்.

இந்த நேரம் பார்த்து மழை. நியூஜெர்சியில் மழை என்றால் பேஸ்மெண்டில் தண்ணீர். அவருக்கோ ஆபீஸ் வேலையாக டெக்சாஸ் போகவேண்டியிருந்தது. விமானத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒரு பையை மார்போடு அணைத்துக்கொண்டு நனைந்தபடி வந்தார். எங்களை அவர் டாடி, மம்மி என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் ஊரில் பெரியவர்களுக்கு அதுதான் மரியாதையாம். முதல் தடவை கேட்டபோது என் மனைவி பின்னால் திரும்பி யாரைக் கூப்பிடுகிறார் என்று பார்த்தாள்.

அவர் பேசுவது ஆங்கிலம். என் நினைவில் தங்குவதெல்லாம் தமிழாகத்தான் தங்குகிறது. "மம்மி, இதை நீங்கதான் பார்த்துக்கணும். சனிக்கிழமை இதைத்தான் காட்டப்போறேன். நூலும் உள்ளேயே இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

பார்த்துக்கணும். எந்த மொழியில் சொன்னாலும் அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். பத்திரமாக வைத்திரு என்பது ஒன்று. இதைச் சரிபண்ணி வை என்பது இன்னொன்று. பையைத் திறந்தால் நூல் விட்டுப்போன துணி. கூடவே ஒரு பிளாஸ்டிக் கவரில் அதே சிவப்பு, அதே நீலம், கட்டுக் கட்டாக இழை. என் மனைவி எந்த முகத்தைப் பார்த்திருப்பாள்?

"சனிக்கிழமைக்குள்ள டார்னிங் பண்ணி, இழை ஓட்டி அடைச்சுத் தரச் சொல்றா. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ஓடிட்டா" என்றாள்.

நான் அதை மறுக்கவில்லை. சென்னையில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் துணிப் பரிசோதகனாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இழை எண்ணுகிற பித்தளைக் கண்ணாடி ஒன்றை இங்கே வரும்போதும் கொண்டுவந்திருக்கிறேன். துணியை மடியில் போட்டு எண்ணினேன். ஒவ்வோர் இடைவெளியிலும் நீளவாக்கில் ஓடும் பாவில் பதினான்கு இழை இல்லை, குறுக்கே ஓடும் ஊடையில் பதினொன்று இல்லை. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். பூச்சி அரித்தால் இப்படிக் கணக்காக அரிக்காது. ஆகவே இது தறிக் கோளாறு என்று தீர்ப்புச் சொன்னேன்.

அப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. எங்கள் கம்பெனியிலிருந்து இதே மாதிரி மெட்ராஸ் கட்டம் போட்ட துணிதான் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறும். துணிப் பொதிகளின் மேல் துறைமுகத்தின் பெயரை எழுதுவார்கள். அங்கே யார் அதைக் கட்டுகிறார்கள், எதற்குக் கட்டுகிறார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஓர் இழை விட்டிருந்தாலும் சாக்பீஸால் வட்டம் போட்டுத் தள்ளிவிடுவேன். இது வேறு எவனோ ஒழுங்காகப் பார்க்காமல் அனுப்பிய துணி என்று நினைத்துக்கொண்டேன்.

மழை விடவில்லை. வாத்துகள் புல்வெளியில் வந்து நின்றன, பதினேழு. என் மனைவி நீளமான இழைகளாகப் பொறுக்கி ஊசியில் கோத்து, ஓர் இழைக்கு மேலே, ஓர் இழைக்குக் கீழே என்று ஓட்டினாள். நான் பித்தளைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, "இன்னும் மூணு... ரெண்டு..." என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தால் துணி துணியாக இருக்காது. சிவப்புத் தெருக்கள், நீலத் தெருக்கள், சந்திப்புகள். நடுவே அவள் ஊசி ஒரு விளக்குப் போல வரும், மறையும். நான் அந்தத் தெருக்களில் நடப்பதாகவும், ஒவ்வொரு சந்தாகத் திரும்பிப்பார்ப்பதற்குள் அது மூடிவிடுவதாகவும் ஒரு கனவு வந்தது. விழித்தபோது என் கையில் கண்ணாடி இல்லை. அவள் எடுத்து வைத்திருந்தாள்.

மொத்தம் இருநூற்றுப் பதினாறு இடைவெளிகள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை அவளால் பதின்மூன்றுதான் அடைக்க முடிந்தது. கண் போய்விடும் என்று நான் சண்டை போட்டேன். அடைத்த இடத்தை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

மருமகள் அன்று சீக்கிரம் வந்தாள். செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றாள்.

"அத்தை... என்ன பண்றீங்க?"

"டார்னிங். இன்னும் நிறைய இருக்கு, சனிக்கிழமைக்குள்ள முடியாது போல. அவகிட்ட நீ சொல்லிடு."

"ஐயோ அத்தை! அது டேமேஜ் இல்ல, அதான் டிசைனே! ஒவ்வொரு நூலா பிளேடால கட் பண்ணி எடுப்பாங்க. அவங்க சித்தி மாசக்கணக்கா உக்காந்து பண்ணினது அத்தை அது!"

என் மனைவியின் கையில் ஊசி நின்றது. "நூல் எதுக்குக் குடுத்தா அப்புறம்?"

"எடுத்த நூலைக்கூட வேஸ்ட் பண்ண மாட்டாங்க. ஓரத்துலேர்ந்து உருவின நீள நூலை முறுக்கி ஜாக்கெட்டுக்கு முடிச்சுக் கயிறு பண்ணுவாங்க."

"மாமா, நீங்களாவது..." என்று என் பக்கம் திரும்பினாள். என் மடியில் இழை எண்ணும் கண்ணாடியைப் பார்த்ததும் போனைக் கையில் எடுத்தாள்.

மருமகள் போன் பண்ணியதில், எதிர்வீட்டுப் பெண் விமான நிலையத்திலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். துணியை மேசைமேல் விரித்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். அடைத்த இடத்தில் கை நின்றது. திருப்பிப் பார்த்தார். மறுபடி இந்தப் பக்கம் பார்த்தார். என் மனைவி தமிழில், "தெரியாமப் பண்ணிட்டேம்மா" என்றாள். யாரும் அதை மொழிபெயர்க்கவில்லை.

"ஆ-ஆ! மம்மி!" என்றார் அவர். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அது எந்தக் கண்ணீர் என்று எனக்குத் தெரியவில்லை.

"டாடி, எங்க ஊர்ல இந்தத் துணிக்கு இன்ஜிரின்னு பேரு. இந்தியாவிலேர்ந்து வந்ததுன்னு அர்த்தம். வந்தபடியே கட்டினா அது உங்க துணி. நாங்க நூலை எடுத்தாத்தான் எங்க துணி. சாயம் வேண்டாம், தண்ணி வேண்டாம், கரண்டு வேண்டாம். ஒரு ஊசி, ஒரு பிளேடு. நீங்க பதின்மூணு இடத்துல அதைத் திரும்ப உங்க துணியாக்கிட்டீங்க."

ஓர் இழைகூட விடாமல் நான் எண்ணி எண்ணி அனுப்பிய துணியில், கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ எண்ணி எண்ணி இழையை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரே துணியை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு இத்தனை வருடம் இருந்தோம். எனக்குத்தான் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை நான்கு பேரும் கண்ணாடி அறையில் உட்கார்ந்தோம். என் மனைவி ஓட்டியதை அவளே உருவவேண்டும். பின்பக்கம் மயிரிழை அளவு விட்டிருந்த நுனிகள் எங்கே என்று அவளுக்குத்தான் தெரியும். நான் எண்ணிச் சொன்னேன். "பதினொண்ணு வந்தாச்சு, ஊடை முடிஞ்சுது." அவள் என்னைப் பார்க்கவேயில்லை. நன்றாகச் செய்த வேலையைத் தன் கையாலேயே அவிழ்க்கிறவள் முகம் எப்படியிருக்கும்? அப்படியிருந்தது.

பன்னிரண்டு இடம் திறந்தது. பதின்மூன்றாவதில் ஊசி ஏதோ ஒரு தடவை பழைய இழையைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. இழுத்தால் பக்கத்துக் கட்டமே சுருங்கியது. வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"விடுங்க மம்மி. இருக்கட்டும்" என்றார் எதிர்வீட்டுப் பெண். அவர் வீட்டில் பேஸ்மெண்டு இன்னும் காயாததால் கடைக்காரப் பெண்மணியை எங்கள் வீட்டுக்கே வரச்சொல்லியிருந்தார்.

வந்தவர் ஒல்லியாக, உயரமாக, குறைவாகப் பேசுகிறவராக இருந்தார். துணியை எடுத்து ஜன்னல் பக்கம் போனார். வரிசை வரிசையாக விரலை ஓட்டினார். நல்ல நெசவு என்றார். அதைக் கேட்டு எதிர்வீட்டுப் பெண் உதட்டைக் கடித்தார். பிறகு விரல் நின்றது.

"இங்கே மட்டும் ஏன் இடைவெளி இல்லை?"

என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். எதிர்வீட்டுப் பெண் ஒரு மூச்சு விட்டார். "அது எங்கள் கை படுவதற்கு முன்னால் துணி இருந்த விதம். மற்றதெல்லாம் நாங்கள் எடுத்தது" என்றார்.

"எடுத்ததா? நெய்யும்போதே இப்படி வருவதில்லையா?"

அப்போதுதான் கடைக்காரப் பெண்மணிக்கு விளங்கியிருக்கிறது. அடைந்த ஒன்றைத் தொட்டார், திறந்த ஒன்றைத் தொட்டார், மறுபடி அடைந்ததைத் தொட்டார். உட்கார்ந்துவிட்டார். காப்பி கொண்டுவந்த மருமகளிடம் நன்றி சொல்லக்கூட மறந்துபோனார். போகும்போது ஆர்டர் தருவதாகச் சொன்னார். ஒரு நிபந்தனை: ஒவ்வோர் உடுப்பிலும் இந்த மாதிரி ஓர் இடத்தை வெட்டாமல் விடவேண்டும். அப்போதுதான் மற்றதெல்லாம் கையால் எடுத்தது என்று வாங்குகிறவர்களுக்குப் புரியும் என்றார்.

எதிர்வீட்டுப் பெண் என் மனைவியைக் கட்டிக்கொண்டு சுற்றினார். நான் மேசை விளக்கு விழுந்துவிடப்போகிறது என்று பிடித்துக்கொண்டேன்.

ஆனால் ஊரில் சித்தி ஒப்புக்கொள்ளவில்லை. வீடியோவில் ஓர் அகன்ற முகம், தலையில் சுற்றிய துணி, பின்னால் வெயில். முடிக்காத துணியை அனுப்பினால் பார்க்கிறவர்கள் என் கைவேலையைத்தானே குறை பேசுவார்கள், நான் எதையும் பாதியில் விட்டதில்லை, ஆர்டர் போனால் போகட்டும் என்றாராம். பல நாள் பேச்சு. ஒவ்வொரு போனுக்கும் பிறகு எதிர்வீட்டுப் பெண் எங்கள் கண்ணாடி அறையில் வந்து உட்கார்ந்து தேநீர் குடித்தார். ஆர்டர் கைவிட்டுப் போகும்போல இருந்தது.

கடைசியில் என் மனைவிதான் சொன்னாள். "அவங்க முழுசா எடுக்கட்டும். ஒண்ணே ஒண்ணை இங்க நான் அடைச்சுக் குடுக்கறேன். எனக்கும் பொழுது போகும். எடுத்த நூலை மட்டும் கூடவே அனுப்பச் சொல்லு."

மருமகள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். எதிர்வீட்டுப் பெண் போனை எடுத்துச் சித்தியிடம் தன் மொழியில் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு. சரி என்றாராம்.

கோடையில் முதல் துணிக்கட்டு வந்தது. என் மனைவி முதல் துணியில் ஓர் இடத்தை அடைத்து முடித்ததும், எதிர்வீட்டுப் பெண் அதை வீடியோவில் காட்டினார். சித்தி முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்தார். கண் ஒன்று மட்டும் திரை முழுக்கத் தெரிந்தது. இந்தப் பக்கம் திருப்பு, அந்தப் பக்கம் திருப்பு என்று கையால் காட்டினார். பிறகு ஏதோ சொன்னார். எதிர்வீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னவாம்?" என்றாள் என் மனைவி.

"நான் எடுத்ததையெல்லாம் திருப்பி வச்சுட்டுப் போறாளே, யார் இந்தத் திருடின்னு கேக்கறாங்க."

"திருடியா! எடுத்தது அவங்க, வச்சது நானு. யாரு திருடி? கேளு, நீ கேட்டுச் சொல்லு" என்று என் மனைவி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.