உப்பில் ஒரு பனித் திருவிழா

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, பட்டாளத்தோடு இத்தாலி மலைகளிலிருந்து திரும்பிய என் அண்ணன் பூட்ஸைக் கழற்றவே மாட்டான். வீட்டுக்குள்ளும் பூட்ஸ், மாதா கோயில் பூசைக்கும் பூட்ஸ். "பெரிய தொர வந்துட்டாரு" என்று தெரு கேலி பேசியது. அம்மாவுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. எனக்கோ பூட்ஸைவிட, அவன் அங்கே கண்ட பனித் திருவிழாதான் மண்டையைக் குடைந்தது.

நோன்பிருக்கும் தவக்காலம் தொடங்குமுன் அந்த மலைக்கிராமத்தார் மரத்தில் செய்த முகமூடி மாட்டி, இடுப்பில் மாட்டுமணி கட்டிக்கொண்டு, முழங்கால் அளவு பனியில் ஆடுவார்களாம். பிள்ளைகள் பலகையில் உட்கார்ந்து சரிவில் சறுக்குவார்களாம். அன்று பட்டாளத்துக்காரர்களையும் கைபிடித்து இழுத்துவிட்டார்களாம். "மிதிச்சா சத்தம் வருமா? நக்கினா ருசி உண்டா? சண்ட நடக்கையில அவங்களுக்கு என்ன ஆட்டம்?" என்று துளைத்தெடுப்பேன். எல்லாவற்றுக்கும் சலிக்காமல் பதில் சொல்வான். "ஏளா தங்கச்சி, விடிய விடிய ஆடுனோம்" என்கிற இடம் வந்ததும் எழுந்து போய்விடுவான்.

"பொறவு?" என்று பின்னாலேயே போவேன். அவன் தெருவில் இறங்கியிருப்பான். எனக்குப் பொல்லாத கோபம் வரும். பாதிக் கதை சொல்கிறவனை என்னதான் செய்வது?

பிறகு அவனுக்கு உப்பளத்தில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. மதியச் சோறு கொண்டுபோவது நான். சித்திரை வெயிலில் உப்புக் குவியலைப் பார்க்கவே கண் கூசியது.

"பனி இப்படித்தான் இருக்குமா?"

"இதேதான். இங்கன சுடுது, அவ்வளவுதான்."

"அப்ப ஏறிச் சறுக்கிக் காட்டு, பாப்போம்."

உப்புச் சுமக்கும் பெண்களுக்கும் வேடிக்கை பிடித்துக்கொண்டது. ஒருத்தி தன் ஓலைப்பெட்டியையே அவனிடம் நீட்டினாள். அண்ணன் சிரித்துக்கொண்டே குவியலில் கால்வைக்கப் போனான். அவள் மறித்தாள். "பூட்ஸோட ஏறப்படாது அண்ணாச்சி. திங்குத பொருளு."

உப்பளத்தில் முதலாளியும் வெறுங்காலோடுதான் குவியலில் ஏறுவார். அண்ணன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. திரும்பிப் போய்விடுவான் என்றே நினைத்தேன். அவன் மெல்ல உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான்.

இடது காலில் பெருவிரல் மட்டும் இருந்தது. பெண்கள் பார்த்தார்கள். அவர்கள் கால்களும் உப்புத் தண்ணீரில் வெடித்துக் கிடந்தவைதான். "கீறல் பட்டா காந்தும், பாத்து ஏறுங்க" என்று மட்டும் சொன்னாள் பெட்டிக்காரி.

ஏறினான். பெட்டியில் உட்கார்ந்து, மலைக்காரர்களின் கூச்சலைப் போட்டுக்கொண்டு சறுக்கினான். பாதிவழியில் பெட்டி கவிழ்ந்து, உருண்டு என் காலடியில் வந்து விழுந்தான். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

"வெரலெல்லாம் அந்தத் திருவிழாவுலயா போச்சு?" என்றேன்.

"ஆமா. பூட்ஸுக்குள்ள பனி போயி நனைஞ்சி, குளிர்ல வெரலு மரத்துச் செத்துருக்கு. தெரியாம ஆடிக்கிட்டே இருந்துட்டேன். கொஞ்சங்கூட வலிக்கல. வலிச்சிருந்தா நிறுத்தியிருப்பேன்லா."

புழுங்கி வெளுத்த பாதங்களில் உப்பு கீறி ரத்தம் கசிந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான். நான் தண்ணீர்ச் செம்பை எடுத்தேன்.

"ஊத்தாதளா, கொஞ்சம் இருக்கட்டும்" என்றான். "காந்துது. நல்லா காந்துது."