சாரம் கட்டும் சுயம்புவும் நானும்

ஆலோசகர் வேலையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, இரண்டு காது தவிர வேறு கருவி கிடையாது. அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டுக் கேட்டே அலுத்தவர்கள் உங்களில் நிறையப்பேர் இருப்பீர்கள், உங்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். 2003-ல் திருவனந்தபுரத்தில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்ந்தேன். தமிழ் சரளமாகத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் முதல் வாரமே சுயம்பு என் பங்குக்கு வந்தார்.

வந்த அன்று

மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவர். அவர் கட்டிய சாரம் சரிந்து, மேலே நின்ற கூட்டாளி செல்லப்பனுக்குக் கால் ஒடிந்தது. அதிலிருந்து தூக்கத்தில் அலறல், பலகை விழும் சத்தம் கேட்டால் நடுக்கம், தொட்டதற்கெல்லாம் கோபம். செல்லப்பன் இருக்கும் தெருப்பக்கமே போவதில்லை. பொங்கலுக்குள் வேலைக்குத் திரும்பாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று மேஸ்திரி சொல்லியாயிற்று.

பாடப்புத்தகத்தில் படித்த பி.டி.எஸ்.டி. அத்தனை அறிகுறிகளோடும் எதிரே உட்கார்ந்திருக்க, எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வருகிற நோய் இது, குணமாகும் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நோய்தானா மேடம்? வீட்டுல பேய்னு சொல்லி மூணு சரடு கெட்டியாச்சு."

மாடிப்படி

பயப்படுகிற விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது சிகிச்சையில் ஒரு பகுதி. உயரத்துக்குத்தான் பயம் என்று நானே முடிவு கட்டி, வாரத்துக்கு ஒரு மாடி என அட்டவணை போட்டேன். சுயம்பு முதல் நாளே விறுவிறுவென்று நாலாவது மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். மூச்சு வாங்கியது எனக்குத்தான். பயமாக இல்லையா என்று கேட்டேன். "இது கான்கிரீட்டு மேடம். இத நான் கெட்டலியே."

கயிறு

பயம் உயரத்தின்மேல் இல்லை, தன் கைக்கட்டின்மேல். அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். மறுநாளே சாலை பஜாரில் சாரம் கட்டுகிற கயிறு வாங்கி மேஜைமேல் வைத்தேன். பார்த்ததுமே அவருக்கு வியர்த்துவிட்டது. வாராவாரம் அன்று நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொல்லவைத்தேன். முதலில் கயிற்றைத் தொட்டுக்கொண்டு, பிறகு முடிச்சுப் போட்டுக்கொண்டு சொன்னார். பத்துக்கு எத்தனை பயம் என்று கேட்டால் கழுத்தளவு என்பார், அடுத்த வாரம் நெஞ்சளவு. முட்டளவுக்கு இறங்கிய நாளில் துள்ளிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். மலையாளியான அவர் கேஸ் ஷீட்டிலிருந்து தலை நிமிராமலே தன் தமிழில் கேட்டார்: "கொள்ளாம், நல்ல காரியம். சுயம்பு செல்லப்பனைப் பார்த்தோ?"

முதல் ஆள்

சாரம் கட்டியவரே முதலில் ஏறி நாலு குதி குதித்துக் காட்டவேண்டும், அதன்பிறகுதான் மற்றவர்கள் ஏறுவார்கள். அது அவர்கள் வழக்கம். பொங்கலுக்கு முந்தின வாரம் சுயம்பு ஒரு சாரம் கட்டி முடித்தார். நானும் போயிருந்தேன். சுயம்பு அரைமனதாகச் சம்மதித்ததால் செல்லப்பனையும் வரச்சொல்லியிருந்தோம்.

முதல் கம்பில் கால்வைத்த சுயம்பு அப்படியே நின்றுவிட்டார். மேஸ்திரி வாட்சைப் பார்த்தார். செல்லப்பன் நொண்டிக்கொண்டே வந்து அவரை ஒதுக்கிவிட்டு, வழக்கத்தை மீறித் தானே இரண்டு கம்பு ஏறிக் குலுக்கிப் பார்த்தார். மேஸ்திரிக்கும் கேட்கும்படி, அவரைக் கைகாட்டிச் சொன்னார்: "அன்னைக்கு உனக்க கெட்டு அவுரல மக்கா. இவரு தந்த பழங்கயிறு நடுவுல அத்துது. அதப் பார்த்துட்டுத்தான் நான் விழுந்தேன். ஏறி வா."

சுயம்பு ஏறிவிட்டார், செல்லப்பன் அரை நிமிடத்தில் சொன்னதைக் கேட்கிற இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்த நாலு மாதம் பிடித்தது, அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.