லீவு லிஸ்ட் என்று எழுதிய ஃபிளாப்பி

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தபோது, கொழுந்து பறிக்க வந்த ஒரு பெண் எனக்குத் தோழியானாள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். என்னைவிட ஒரு வயது மூத்தவள், ஆனாலும் என்னைக் ‘கம்ப்யூட்டரக்கா’ என்பாள். நான் அவளை அக்கா என்பேன். இரண்டு பேரும் கடைசிவரை அதை மாற்றிக்கொள்ளவில்லை.

அவள் பாட்டுக் கட்டுவாள். கங்காணி, கணக்கப்பிள்ளை, டிராக்டர், அட்டைப்பூச்சி என்று எதையும் விடமாட்டாள். மலைச்சரிவில் அவள் ஒரு வரி எடுத்தால் பத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டே திருப்பிப் பாடுவார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் ஜன்னலருகே வந்து, “ஏங்க்கா, நான் பாடுறதெல்லாம் இந்தப் பொட்டிக்குள்ள போகுமா?” என்றாள்.

“போகும். ஆனா பெரியவரு பாத்தா எனக்கு வேலை போயிருமுங்க அக்கா.”

பெரியவர் என்றால் எங்கள் ஃபீல்டு ஆபீஸர். பாதிப் பாட்டு அவரைப் பற்றித்தான். அதனால் கம்ப்யூட்டரில் எதையும் வைக்காமல், அவள் பாடப் பாட அடித்து, நேராக ஒரு ஃபிளாப்பியில் சேமித்தேன். அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் அந்த ஆபீஸர் உள்ளே வந்துவிட்டார்.

“என்னம்மா, இங்க என்ன வேலை?”

“லீவு கேட்டு வந்தேங்கய்யா” என்றாள் அவள், கண் இமைக்காமல்.

“எத்தன நாள்?”

“ஒரு நாளுங்க.”

“எடுத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்காத லீவு கிடைத்த மகிழ்ச்சியில் அவள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றே ஃபிளாப்பியின் மேல் ‘லீவு லிஸ்ட்’ என்று எழுதி ஒட்டினேன்.

பிறகு காலம் மாறியது. ஆபீஸ் கணக்குகளை சி.டி.யில் ஏற்றினேன், அதிலிருந்து பென் டிரைவுக்கு மாற்றினேன். இப்போது எல்லாம் எங்கோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றன, பாஸ்வேர்டு மட்டும் என்னிடம். பழைய ஃபிளாப்பிகளைக் குப்பைக்கு அனுப்பிய நாளில் அந்த ஒன்றை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் தையல் டப்பாவுக்குள் அது கிடந்தது.

போன மாதம் அக்கா போன் செய்தாள். கோவையில் நர்ஸாக இருக்கும் அவள் மகளுக்கு வளைகாப்பு. “‘அம்மா, வேற பாட்டு ஒண்ணும் வேணாம், நீ கட்டுன பாட்டுத்தான் வேணும்’னு நிக்கிறா. எனக்கு மொத வரிதான் ஞாபகம் இருக்கு. மிச்சமெல்லாம் உங்ககிட்டதானே கெடக்கு?”

தையல் டப்பாவைக் கவிழ்த்தேன். ஃபிளாப்பி இருந்தது. ஆனால் அதைப் போட ஓட்டை உள்ள கம்ப்யூட்டர் கோத்தகிரி முழுக்க இல்லை. கடைசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர் ஒருவர் வழி சொன்னார்: “ஊட்டி மார்க்கெட் பக்கம் ஸ்கூல் கோட்டுக்கு பேட்ஜ் போடற பாய் கடைக்குப் போங்க. அவரோட எம்பிராய்டரி மெஷின் இன்னும் ஃபிளாப்பியிலதான் ஓடுதுங்க.”

அக்காவும் நானும் பஸ் ஏறிப் போனோம். கடைக்குள் பெரிய எம்பிராய்டரி மெஷின் ஒரு கோட்டுத் துணியில் மான் தலையைத் தைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பெண்கள் நூலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட பாய் எங்கள் ஃபிளாப்பியை வாங்கி, அதன் தகர மூடியை விரலால் தள்ளிப் பார்த்தார்.

“பூஞ்சை புடிச்சிருக்கும்மா. இந்தப் பனியில கதவுக்கே புடிக்குது, இதுக்குப் புடிக்காதா? ஒக்காருங்க.”

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, தட்டை மெல்லச் சுழற்றிச் சுழற்றித் துடைத்தார். குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரி இருந்தது. மூலையிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் அதைச் செருகினார். ‘கர்ர் கர்ர்’ என்ற அந்தப் பழைய சத்தம் கேட்டதும் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டேன். பதினான்கு ஃபைல்களில் பதினொன்று திறந்தன.

திறந்ததும் திரையைப் பார்த்த அக்காவின் முகம் வாடியது. தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கமாவுமாகக் குப்பை கொட்டிய மாதிரி இருந்தது. நான் அடித்த அந்தக் காலத்து ஃபாண்ட் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை.

நான் குனிந்து பார்த்தேன். அன்று தமிழுக்காக நான் தட்டிய கட்டைகளின் ஆங்கில எழுத்துகள்தான் திரையில் நின்றன. ‘கே’ வந்தால் ம. அரைப்புள்ளி வந்தால் மெய்யெழுத்தின் புள்ளி. ‘எச்’ வந்தால் துணைக்கால். என் விரல்கள் எதையும் மறக்கவில்லை. மேஜையில் தாளம் போட்டபடியே அந்தக் குப்பையை உரக்கப் படிக்க ஆரம்பித்தேன்.

“கூடை தூக்கி நடப்பது நாங்க, ஐயாவே…”

அக்கா நிமிர்ந்தாள். அடுத்த வரி அவளிடமிருந்தே வந்தது.

“மூச்சு வாங்கி நிப்பது நீங்க, ஐயாவே!
கொடைக்குள்ள மழை பெஞ்சா, ஐயாவே,
கொழுந்தா நனையும் ஒங்க மீச, ஐயாவே!”

நூல் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள். பாய் மெஷினை நிறுத்தினார். பாதித் தலையோடு மான் காத்திருக்க, பதினொரு பாட்டையும் பாடி முடித்தோம். நான் ஒரு வரி படித்தால் போதும், அவள் மூன்று வரி பாடிவிடுவாள். அத்தனையையும் ஒரு பெண் தன் போனில் பிடித்துக்கொண்டாள்.

“படிக்க முடியாத அந்த மூணு பாட்டு என்னதுங்க அக்கா?” என்று கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்? போனா போகட்டும். புதுசா மூணு கட்டிக்கிட்டா ஆச்சு.”

கிளம்பும்போது, “என்னம்மா நீங்க, மலையில எல்லாரையும் பாடிட்டீங்க, என் மெஷினுக்கு ஒண்ணு கெடையாதா?” என்றார் பாய். கேட்டுக்கொண்டே மெஷினை மறுபடி ஓடவிட்டார். ஊசி ஓடுகிற தாளத்திலேயே அக்கா, கொம்பு முளைக்கக் காத்திருக்கும் மானைப் பற்றி ஒன்று எடுத்துவிட்டாள். சிரித்துச் சிரித்துப் பாய்க்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று.

வளைகாப்பில், புதிதாகக் கட்டிய மூன்றையும் சேர்த்து, பதினான்கு பாட்டும் ஒலித்தன. பிள்ளைத்தாய்ச்சிப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, போதும்மா, உள்ள இருக்கறதும் சிரிக்குது!” என்று கெஞ்சினாள். அக்கா விட்டால்தானே? அடுத்த பாட்டு மருமகனைப் பற்றியது.