பூஸ்ட் காணும்

முரளியின் காரிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியபோது, கௌசி ரேடியோப் பொத்தானிலிருந்து விரலை எடுக்கக்கூட இல்லை.

சனிக்கிழமைப் பந்தயம். முடிய நான்கு சுற்றுகள் இருந்தன. இரத்தினவேலின் இரண்டு கார்களும் முதல் இரண்டு இடங்களில் ஓடின. முன்னால் அவருடைய அக்கா மகன் ஜெனோசன்; அவன் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு முரளி. புகைக்குப் பிறகு ஒரு கார்தான் மிஞ்சியது. முரளியின் காரை இழுத்துவந்து போட்டார்கள். டர்போ நொறுங்கியிருந்தது.

கௌசிக்கு முப்பத்தைந்து வயது. கனடாவின் மார்க்கம் நகரில் காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை. வார இறுதிகளில், ஸ்காபரோவில் கராஜ் நடத்தும் இரத்தினவேலின் பந்தய அணியில் இருப்பாள். பொறியியல் படித்தவள் என்றாலும், மூன்று ஆண்டுகள் அங்கே டயர் உருட்டினாள், கோப்பி வாங்கினாள். இந்த ஆண்டுதான் ஹெட்செட் அவள் தலைக்கு வந்தது. ஓட்டுநர்களின் காதில் விழும் ஒரே குரல் அவளுடையது. அதற்காகச் சொந்த மச்சாளின் கலியாணத்துக்கே போகாமல் விட்டவள்.

ரேடியோவில் தமிழ் பேசலாம் என்றதும் அவள்தான். போன பந்தயத்தில் எதிரணி ஒன்று இவர்களுடைய ஆங்கிலத்தை ஒட்டுக்கேட்டு, இவர்கள் டயர் மாற்ற வந்த சுற்றிலேயே தானும் வந்து முந்திவிட்டது. “தமிழில கதைப்பம் அண்ணை. உவங்களுக்கு விளங்குதோ பாப்பம்” என்றாள். இரத்தினவேல் அன்று வெகுநேரம் சிரித்தார்.

இப்போது அவர் சிரிக்கவில்லை.

“பூஸ்டைக் கூட்டச் சொல்லி ஆர் சொன்னது?” என்றார் முரளியிடம். பூஸ்ட் என்பது டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தம். ஓட்டுநர் கையருகே உள்ள, எண்கள் போட்ட குமிழைத் திருகினால் கூடும். வேகமும் கூடும், சூடும் கூடும்.

முரளி வாய் திறப்பதற்குள் ஜெனோசன் தலைக்கவசத்தைக் கழற்றியபடி வந்தான். “மாமா, இட்ஸ் சிம்பிள். உவர் என்னைப் பாஸ் பண்ணப் பாத்தவர். டீம்மேட்டாம்.”

“உன்னைப் பாஸ் பண்ண பூஸ்ட் எதுக்குப்பா? நீ போற வேகத்துக்கு ஹாரன் அடிச்சாலே போதும்” என்றான் முரளி. கோயம்புத்தூர்க்காரன். சின்ன வயதிலிருந்தே கோ-கார்ட் பந்தயம் ஓட்டி வளர்ந்தவன், மிசிசாகாவில் மென்பொருள் வேலை, அணிக்கு வந்து இரண்டே மாதம்.

இரத்தினவேல் கையை உயர்த்தினார். “காணும் ரெண்டு பேரும். முரளி, நாளைக்கு நீர் ஓட வேண்டாம். வீட்டை போம்.”

முரளி லொறிக்குப் பின்னால் போய்ப் பையைக் கட்டத் தொடங்கினான். கௌசி அவன் பின்னால் போனாள்.

“ஏன் கூட்டினீங்கள்? நான் வடிவாச் சொன்னனானே.”

“நீங்க சொன்னதாலதானே கூட்டினேன்? பூஸ்ட் காணோம்னீங்க. எனக்கும் வண்டி இழுக்காத மாதிரி இருந்துச்சு. திருகினேன்.”

“நான் காணும் எண்டனான்.”

“அதான். காணோம்.”

“இல்லை, காணும். போதும் எண்டு அர்த்தம். கூட்டாதேங்கோ எண்டு சொன்னனான்.”

முரளி பையின் ஜிப்பைப் பாதியில் விட்டான். “அப்ப இப்ப அவர் ‘காணும் ரெண்டு பேரும்’னாரே, எங்களை எதுக்குத் தேடுறாருன்னு பாத்தேன்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் அது போதும். கோயம்புத்தூரில் அது தொலைந்துபோனது. எஞ்சின் இரைச்சலில் இரண்டுக்கும் ஒரே ஓசை.

“விடுங்க,” என்றான் முரளி. “உங்ககிட்டேருந்து ரேடியோவைப் பிடுங்கிடுவாரு. நான் போயிக்கறேன்.”

அவன் சொன்னது சரியென்று அவளுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் லொறியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரத்தினவேலிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

அவர் கேட்டு முடித்து, முகத்தைத் துடைத்தார். “ஒரு சொல்லால ஒரு டர்போ போயிட்டுது, பிள்ளை.” சற்று நின்று, “முரளி ஓடட்டும். மற்ற டர்போவைப் போடுங்கோ. ரேடியோவை ஸ்டெபனியிட்டக் குடு. இங்கிலிஷிலயே கதைக்கட்டும்.”

ஸ்டெபனி சுற்று நேரங்களைக் குறிப்பவள். ஹெட்செட்டை வாங்கும்போது, “சொறி அக்கா” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மீண்டும் டயர்களுக்குப் பக்கத்தில் நின்றாள். பந்தயம் பாதியைத் தாண்டியதும் ஸ்டெபனி முரளியை டயர் மாற்ற அழைத்தாள், ஆங்கிலத்தில். எதிரணியின் கார் அதே சுற்றில் உள்ளே வந்து, அவனுக்கு முன்னால் வெளியே போனது. முரளி நான்காவது இடத்துக்கு இறங்கினான்.

ஸ்டெபனி திடீரென்று திரும்பினாள். “அங்கிள், முரளி அண்ணா கௌசி அக்காவைக் கேக்கிறார்.”

“அவரை ஓடச் சொல்லு.”

“நாலு தரம் கேட்டிட்டார். நான் சொல்லுற ஒண்டுக்கும் பதில் சொல்லுறார் இல்லை.”

இரத்தினவேல் திரையைப் பார்த்தார். இன்னும் ஐந்து சுற்றுகள். எதிரணி இரண்டு விநாடி முன்னால். கௌசியைப் பார்க்காமலே ஸ்டெபனியின் தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றி நீட்டினார்.

டயர்க் கறை படிந்த கையோடு அதை வாங்கி மாட்டினாள். “முரளி, கௌசி.”

“வந்துட்டீங்களா. டர்போ தாங்குமா, தாங்காதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

அவள் சூட்டு அளவைப் பார்த்தாள். சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. இது உடைந்தால் இந்த ஆண்டுக்கு வேறு டர்போ இல்லை. இரத்தினவேல் அவள் தோளுக்குப் பின்னால் மூச்சு விடுவது கேட்டது.

“தாங்கும். ரெண்டு சுற்றுக்குக் கூட்டுங்கோ. குறைக்கிறதுக்கு நம்பர் சொல்லுறன். நம்பரை மட்டும் கேளுங்கோ.”

அவள் திரையில் பூஸ்ட் கோடு மேலே ஏறியது.

முதல் சுற்றில் இடைவெளி பாதியானது. சூடு கோட்டைத் தொட்டது. இரத்தினவேல், “பிள்ளை…” என்றார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். இரண்டாவது சுற்றின் கடைசி வளைவில் முரளி உட்பக்கமாக நுழைந்து எதிரணிக் காரைத் தாண்டினான்.

“மூண்டு,” என்றாள். கோடு இறங்கியது.

ஜெனோசன் முதலாவதாக வந்தான், முரளி மூன்றாவது. கார்கள் உள்ளே வந்து எஞ்சின்கள் அடங்கிய பிறகும் இரத்தினவேல் ஹெட்செட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. அவளும் கழற்றவில்லை.