கண்ணாடி மேஸ்திரியின் சொந்தச் சுவர்

என் அக்காவைக் கட்டியவருக்கு வட்டாரத்தில் ‘கண்ணாடி’ என்று பெயர். மூக்குக் கண்ணாடி போட்டதால் வந்த பெயரில்லை. கான்கிரீட் சுவரில் அவர் பட்டி பூசித் தேய்த்து முடித்தால் அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் முப்பது வருஷத்தில் அவர் கைபட்ட சுவரைக் குறை சொன்னவர் யாருமில்லை, நான் உள்பட. நான் லேசில் யாரையும் பாராட்டுகிற ஆள் இல்லை.

அவர் வேலை செய்யும் விதமே தனி. மற்றவர்கள் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். அத்தான் தடவவே மாட்டார். நீள வயரில் ஒரு பல்பை மாட்டிச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிப்பார். மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். அங்கே பென்சிலால் வட்டம் போட்டு, பட்டியை அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பார். மறுபடி பல்பு. ஒரு நிழலும் விழாத பிறகுதான் பெயிண்ட் டப்பாவைத் திறப்பார்.

“கை ஏமாத்திடும் மச்சான். வெளிச்சம் ஏமாத்தாது” என்பார்.

இத்தனை கெட்டிக்காரர் சொந்த வீட்டை மட்டும் அம்போவென்று விட்டிருந்தார். பலகை அடைத்து ஊற்றிய கான்கிரீட் சுவர்கள், பலகையைப் பிரித்த அன்று எப்படி இருந்தனவோ அப்படியே இருபத்திரண்டு வருஷம் நின்றன. கோடு கோடாகப் பலகைத் தடம், ஜல்லி பெயர்ந்த குழிகள், கலவை வழிந்து இறுகிய மேடுகள். அக்கா கேட்காத நாளில்லை.

“ஊருல இருக்கிற சுவருக்கெல்லாம் பவுடர் போடுறாரு. நம்ம வீட்டுச் சுவரு இன்னும் மூஞ்சியே கழுவல” என்பாள்.

அவர் “அடுத்த மாசம்” என்பார். அந்த அடுத்த மாதம் வருவதற்குள் அக்காவுக்குக் கண் போய்விட்டது.

கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, இரண்டே வருஷத்தில் முழு இருட்டு. நாங்கள் இடிந்து போனோம். அவள் இடிந்து போகவில்லை. வலது கை விரல்களைச் சுவரில் ஓட்டியபடி வீடு முழுக்கத் தனியாக நடந்தாள். அடுப்படிக்குப் போய் டீ போட்டாள். பிடிப்புக்காகச் சுவரைத் தொடுகிறாள் என்று நினைத்துக்கொண்டோம். ஒன்றில் மட்டும் அவள் பிடிவாதமாக இருந்தாள். பாத்ரூமுக்கு யாரும் துணைக்கு வரக்கூடாது.

“அந்தக் கதவ நானே சாத்திக்கிற வரைக்கும்தான் நான் மனுஷி” என்றாள். அவள் தாழ்ப்பாள் போடும் சத்தம் ஹால் வரை கேட்கும்.

செய்யாமல் விட்ட வேலை அத்தானை அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் என்னிடம் வந்து, “பத்து நாளைக்கு உங்கக்காவ உன் வீட்டுல வச்சுக்கோ. சுவர முடிச்சிடறேன்” என்றார்.

“கண்ணு தெரியாதவளுக்கு எதுக்கு அத்தான் பெயிண்ட்?” என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

“பாக்கத்தான் முடியாது. தொடலாம்ல?”

பத்து நாளும் ஒற்றை ஆளாக உழைத்தார். அக்கா திரும்பி வந்ததும் அவள் உள்ளங்கையை எடுத்துச் சுவரில் வைத்தார். அவள் வெகுநேரம் தடவினாள். “ரொம்ப நல்லா இருக்குங்க” என்றாள். அவர் அழுதார்.

அதன் பிறகு அக்கா நாற்காலியை விட்டுத் தானாக எழவில்லை. தண்ணீருக்குக்கூட ஆள் கூப்பிட்டாள். பாத்ரூம் வாசல் வரை அவர் கையைப் பிடித்துப் போனாள். அவர் வேலைக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். “உக்காந்தே இருந்தா கால் விளங்காமப் போயிடும்” என்று நான் அவளைத் திட்டினேன். இன்றைக்கும் அந்தத் திட்டு என்னை உறுத்துகிறது.

ஒரு மதியம் அத்தானும் நானும் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினோம். நாற்காலி காலியாக இருந்தது. நடையின் கோடியில், சாமான் அறைக் கதவுக்குப் பக்கத்தில், சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி அக்கா நின்றிருந்தாள். உடுத்தியிருந்த துணி நனைந்து, காலடியில் ஈரம் தேங்கியிருந்தது.

“தேடித் தேடிப் பாத்தேங்க. கெடைக்கல” என்றாள்.

“எதும்மா?” என்றார் அத்தான்.

“குழி. அடுப்படித் திருப்பத்துல ரெண்டு கோடு இருந்துச்சு. அதத் தாண்டினா ஒரு மேடு. அப்புறம் கட்டைவிரல் நுழையிற மாதிரி ஒரு குழி. அங்கேருந்து மூணு எட்டு வச்சா பாத்ரூம். இப்ப எல்லா எடமும் ஒண்ணா இருக்கு. நான் எங்க நிக்கறேன்னே தெரியல.”

“ஏன் சொல்லல நீ?”

“இருவத்திரண்டு வருஷமாக் கேட்டேன். ஆசையாச் செஞ்சு குடுத்தீங்க. எந்த வாயால வேணாம்னு சொல்றது?”

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் குழியைப் பல்பு பிடித்துக் கண்டுபிடித்து, வட்டம் போட்டு அடைத்தவர் அவரேதான்.

பிடித்து நடக்கச் சுவரோரம் ஒரு கம்பி அடித்துவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன். “கம்பியும் எல்லா எடத்துலயும் ஒண்ணாத்தானே இருக்கும்” என்றார்.

மறுநாள் காலை சுத்தியலும் உளியும் எடுத்தார். பழக்கத்தில் பல்பைப் பிடித்துப் பார்த்தார். எங்கு பார்த்தாலும் வெள்ளை. ஒரு நிழல்கூட விழாத அளவுக்கு நேர்த்தியாகச் செய்திருந்தார் மனுஷன். பல்பை அணைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

அவள் சொல்லச் சொல்ல அவர் கொத்தினார். “இன்னும் கொஞ்சம் கீழ. என் இடுப்புக்கு நேரா.” கொத்திய இடத்தை ஊதி, கண்ணை மூடிக்கொண்டு முதலில் தன் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார். பிறகு அவள் விட்டுப் பார்த்தாள். “இது ஆழம் பத்தாதுங்க.” மறுபடி உளி. மேட்டுக்குச் சிமெண்டை அப்பினார். கோட்டை ஆணியால் கீறினார். நாலு நாள் இதே வேலை. முடிந்தபோது சுவர் அம்மை வடு விழுந்த முகம்போல் இருந்தது. யாராவது இதைக் கண்ணாடி செய்த வேலை என்று சொல்லியிருந்தால் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள்.

ஐந்தாம் நாள் நானும் அங்கே இருந்தேன். அக்கா நாற்காலியிலிருந்து தானாக எழுந்தாள். அத்தானும் பதறி எழுந்தார். நான் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தேன். அவள் விரல்கள் சுவரில் ஓடின. திருப்பத்தில் நிதானித்தாள். மேட்டைத் தாண்டினாள். குழியில் கட்டைவிரல் ஒரு நொடி நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. கதவு சாத்திக்கொண்டது.

அத்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை முழுக்க வெள்ளைத் தூசி.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

“கேட்டியா மச்சான்?” என்றார். “தாழ்ப்பாப் போட்டுட்டா.”