ஒன்பதாம் சாட்சியின் கடை திறக்கும் நேரம்

காலை ஆறேகாலுக்கு என் குரல் நாற்பத்து மூன்று பேருடைய போனுக்குப் போய்ச் சேரும். இலஞ்சியிலிருந்து குற்றாலம் வரை நடந்துவிட்டுத் திரும்பும் ஓய்வுபெற்றவர்களின் வாட்ஸப் குழு அது. முதலில் அருவி நிலவரம்: மெயினருவியில் எவ்வளவு தண்ணீர், ஐந்தருவியில் எத்தனை கிளைகளில் விழுகிறது. அடுத்து டெல்லி அரசியல். கடைசியாகத் தென்காசி கோர்ட். எல்லாம் சேர்ந்து நாலு நிமிஷம். நாலரையைத் தாண்டினால் பாதிப் பேர் முழுக்கக் கேட்பதில்லை என்று விசாரித்து வைத்திருந்தேன்.

எண்ணுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. புள்ளியியல் துறையில் முப்பத்தோரு வருஷம். வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்த நெல்லை அறுத்து அடித்து எடை போட்டு, வட்டாரம் முழுவதற்கும் விளைச்சல் இவ்வளவு என்று எழுதிக் கொடுப்போம். ஏழு தேர்தல்களில் ஓட்டு எண்ணும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். எண்ணிச் சொல்லும் விஷயத்தில் தவறு வராது என்று நம்பியே எழுபத்து நாலு வயது வரை வந்துவிட்டேன்.

அந்தக் கொலை நடந்தது ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில். பாகப்பிரிவினைத் தகராறு. நாற்பது வயதுக்காரர் ஒருவரை விடியும் முன் வெட்டிப் போட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட இருவரும் அவருடைய பங்காளிகள். விசாரணை தொடங்கிய நாளிலிருந்து நான் கோர்ட்டுக்குப் போனேன். இறந்தவர் எனக்கு உறவில்லை, தெரிந்தவர்கூட இல்லை. பென்ஷன்காரனுக்குப் பகல் நீளமானது, அங்கே மின்விசிறி உண்டு, அவ்வளவுதான் முதல் காரணம். பிறகு காலைப் பேச்சுக்கு அது தீனியாகிவிட்டது.

டெல்லியையும் கோர்ட்டையும் ஒரே கணக்கில் கொண்டுவந்ததுதான் என் பேச்சின் ருசி என்று எல்லாரும் சொன்னார்கள். அரசுத் தரப்பு ஆளுங்கட்சி, குற்றம் சாட்டப்பட்ட எதிரிகள் தரப்பு எதிர்க்கட்சி. மொத்தம் பதினேழு சாட்சிகள். ஒருவர் உறுதியாகப் பேசினால் ஆளுங்கட்சிக்கு ஒரு சீட்டு. முதலில் சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியானால் அந்தப் பக்கம் ஒரு சீட்டு. எட்டுப் பேர் முடிந்தபோது ஆறுக்கு இரண்டு.

நடக்கும்போது ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் என்னைக் கிண்டுவார்.

"என்ன அண்ணாச்சி, ஆட்சி நிலைக்குமா, இல்ல தொங்கு சபையா?"

"தனி மெஜாரிட்டிதான் வே. இன்னும் முக்கியமான தொகுதியே எண்ணலை. ஒன்பதாம் நம்பர் வரட்டும்."

ஒன்பதாம் நம்பர் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும், கணவர் இல்லை, டீக்கடை நடத்தியவர். கொலை நடந்த அன்று அதிகாலையில் அவர் கடைக்குப் பக்கத்துக் குழாயில் இரண்டு பேர் கையையும் பைக்கின் முன் சக்கரத்தையும் கழுவினார்கள். கடை விளக்கு வெளிச்சத்தில் இருவரையும் அவர் பார்த்தார். இரண்டு பேருமே அவருக்குத் தெரிந்த முகங்கள். வழக்கே அதில்தான் நின்றது. சம்பவத்துக்குப் பிறகு அந்தக் கடையை மூடிவிட்டு அவர் வேறெங்கோ போய்விட்டார்.

கூண்டில் ஏறியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகப் பேசினார். அரசு வக்கீல் முப்பத்து நாலு கேள்வி கேட்டார். முப்பத்து நாலுக்கும் தடுமாற்றம் இல்லை. "அந்தா நிக்காவளே, அவிய ரெண்டு பேருந்தான்" என்று கை நீட்டிக் காட்டியபோது, பெஞ்சில் இருந்த நானே நிமிர்ந்து உட்கார்ந்தேன். எதிரிகள் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணைக்கு அவகாசம் கேட்டார். பன்னிரண்டு நாள் தள்ளிப் போட்டார்கள்.

அவரைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த முகம் என்று பட்டது. வீட்டுக்கு வந்து யோசித்ததில் பிடிபட்டது. என் நடைப்பாதையிலிருந்து சற்று விலகினால் வரும் ஒரு சின்னக் கடை, அதில் நான் நாலைந்து தடவை டீ குடித்திருக்கிறேன். அவருடைய புதுக் கடை அது.

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு வேறு கணக்கு ஓடியது. குறுக்கு விசாரணையில் அந்த வக்கீல் என்ன கேட்பார்? அவ்வளவு சீக்கிரம் நீ கடை திறந்தாயா என்றுதான் கேட்பார். திறப்பது அவர் வழக்கம்தான் என்று நிரூபித்துவிட்டால்? மூன்று நாள் விடியும் முன் எழுந்து போனேன். வேப்பமரத்தடியில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நாளும் நாலு நாற்பது. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை. (இங்கே நேரத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். தெரிந்தே தப்பான எண்ணை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.)

மறுநாள் காலைப் பேச்சில் சொன்னேன். அந்தப் பெண் இப்போது கடை வைத்திருக்கும் இடம், திறக்கும் நேரம், தனியாகத்தான் அடுப்பு மூட்டுகிறார் என்பது, ஒத்தாசைக்கு மகள் ஆறரைக்குத்தான் வருகிறாள் என்பது. "நான் நேரில் போய் மூன்று நாள் சரிபார்த்த விவரம் இது" என்று முடித்தேன். கோர்ட்டில் இல்லாத தகவலை நான் கொண்டுவந்திருக்கிறேன் என்ற பெருமை அந்தக் குரலில் இருந்தது. பிறகு பல முறை நான் அதைப் போட்டுக் கேட்டிருக்கிறேன், அதனால் தெரியும்.

அன்று சாயங்காலமே ஆலங்குளத்தில் இருக்கும் என் மச்சினன் எனக்கு ஒரு குரல் பதிவை அனுப்பினான். என் பேச்சேதான். பேசியது நான் என்று தெரியாமல் யாரோ அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பலமுறை அனுப்பப்பட்டது என்ற குறி அதில் இருந்தது. என் மனைவியிடம் ஓடிப் போய்க் காட்டினேன். அவள் முழுவதும் கேட்டாள்.

"அந்தப் பொம்பளை தனியா இருக்கான்னு எதுக்குங்க சொன்னீய?"

"அது ஆதாரம்."

"யாருக்கு ஆதாரம்?"

நான் டிவியைப் போட்டுக்கொண்டேன். டெல்லியில் இரண்டு எம்.பி.க்கள் கட்சி மாறப் போவதாகப் பேச்சு. அதைக் கேட்பதுபோல் உட்கார்ந்துகொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் குறுக்கு விசாரணை. அந்தப் பெண் கம்பியைப் பிடிக்கவில்லை. முந்தானைக்குள் கையை வைத்திருந்தார். இருட்டாக இருந்தது, யாரென்று தெரியவில்லை, போலீஸ் கேட்டபோது பயத்தில் சொல்லிவிட்டேன். இவ்வளவுதான் சொன்னார். அரசு வக்கீல் எழுந்து அவரைப் பிறழ் சாட்சியாக அறிவிக்கக் கேட்டார். ஆறு நிமிஷத்தில் முடிந்துபோனது.

எனக்குக் கோபம். டெபாசிட் போன கட்சியின் ஏஜெண்டைப் போல வீட்டுக்கு வந்தேன். மறுநாள் பேச்சில் இப்படிச் சொன்னேன்: "டெல்லியிலே ஒரு எம்.பி. கட்சி மாறணும்னா விமானம் வேணும், சொகுசு விடுதி வேணும். நம்ம ஒன்பதாம் நம்பர் ஒரு டீ கிளாஸைக் கழுவுற நேரத்துலே மாறிட்டாங்க. என்ன கிடைச்சுதோ, அது அவங்களுக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம்." பதினொரு பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். போஸ்ட்மாஸ்டர் மட்டும் மூன்று போட்டார்.

மூன்று நாள் கழித்து அந்தக் கடைக்குப் போனேன். டீ குடிக்கத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த முகத்தில் வெட்கம் தெரிகிறதா என்று பார்க்கத்தான் போனேன். மணி ஏழேகால். சாரல் பிடித்திருந்ததால் கடையில் ஆள் இல்லை, மகளையும் காணவில்லை.

"ஒரு டீம்மா. சீனி கம்மியா."

பால் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தவர் கரண்டியை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நீங்கதானா அது?"

"எது?"

"நாலு நாப்பது."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே பேசினார். கோபமே இல்லாத பேச்சு.

"நாலு பேரு வந்தாவ சார். அடுப்பு மூட்டி முடிக்கல, வந்து உக்காந்தாவ. டீ கேட்டாவ, போட்டுக் கொடுத்தேன். ஒருத்தன் போனை பெஞ்சுல வச்சு உங்க பேச்சைப் போட்டான். அருவியில தண்ணி எப்படிங்கதுல இருந்து முழுசையும். முடிஞ்சதும், 'சார் சொன்ன டயத்துக்குக் கரெக்டா தொறந்துட்டியே யக்கா'ன்னான். வேற ஒண்ணும் சொல்லல."

"மிரட்டினாங்களா?"

"ஒரு வார்த்தை வையலை. குடிச்ச டீக்குக் காசு குடுத்துட்டுத்தான் போனாவ. மறுநாளும் வந்தாவ. மக வார வரைக்கும் இருந்து, அவளைப் பாத்துட்டு எந்திரிச்சாவ. அஞ்சு நாளு."

"நான் உங்களுக்குச் சாதகமாத்தாம்மா பேசினேன்."

"சாதகமாத்தான் பேசுனீய. நானுந்தான் கேட்டேனே. நல்லாத்தான் இருந்துச்சு."

டீ கிளாஸை என் முன்னால் வைத்தார். அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை. அரசு வக்கீலிடம் போகலாம், நான் கூட வருகிறேன், நடந்ததை எழுதிக் கொடுப்போம் என்றேன். என் தப்பைச் சரிசெய்ய வழி இருக்கிறது என்ற அவசரத்தில் சொன்னது அது.

"வாங்க. எத்தனை நாளு வருவீய? கோர்ட்டுக்கு வருவீய, சரி. வெடியக்காலம் இங்கன வந்து நிப்பீயளா? மக காலேஜ் பஸ்ஸுக்கு நடந்து போவா, அவ பின்னால போவீயளா? எத்தனை நாளுன்னு எண்ணிச் சொல்லுங்க, வாரேன்."

என்னிடம் எண் இல்லை.

"நான் எதுக்கு மாத்திச் சொன்னேன்னும் யாருட்டயும் சொல்லிராதீய. அதுக்கு வேற நாலு பேரு வருவான்" என்றார். பிறகு, "குடிங்க சார், ஆறுது" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்த இரண்டு பதிவுகளையும் அழிக்கப் பார்த்தேன். எல்லோருக்கும் அழிக்கும் நேரம் கடந்துவிட்டது. என் போனில் மட்டும்தான் அழிக்க முடியும் என்றது. அழித்தேன். மற்ற நாற்பத்து மூன்று போன்களில் அது இருக்கிறது, அதற்கு வெளியே எத்தனை என்று எண்ண வழியே இல்லை. குழுவில் எழுதிப் போட்டேன்: "ஒன்பதாம் சாட்சியைப் பற்றி நான் சொன்னது தவறு. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்." ஏன் தவறு என்று எழுத முடியாது. எழுதினால் அவருக்கு ஆபத்து. ஒரு நிமிஷத்தில் போஸ்ட்மாஸ்டரின் பதில் வந்தது: "அண்ணாச்சியும் பிறழ் சாட்சி ஆயிட்டாரு!" இந்தத் தடவை பதினாறு சிரிப்பு.

அதன்பிறகு காலைப் பேச்சை நிறுத்திவிட்டேன். தொண்டை சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். கோர்ட்டுக்கு மட்டும் தொடர்ந்து போனேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால், இறந்தவரின் மனைவி எல்லா வாய்தாவுக்கும் வந்து உட்கார்ந்திருந்தார். கேள்விகளை எண்ணிய, வக்கீல் தண்ணீர் குடித்ததைக்கூட எண்ணிய என் பேச்சில் அவர் ஒரு தடவைகூட வரவில்லை. அவர் எந்தப் பக்கத்துக்கும் சீட்டு இல்லை அல்லவா.

தீர்ப்பு நாளன்று நல்ல சாரல். சந்தேகத்தின் பலனை அளித்து இருவரையும் விடுதலை செய்தார்கள். கூட்டம் கலைந்த பிறகும் அந்த அம்மாள் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு பக்கத்தில் கிடந்த தன் குடையை விட்டுவிட்டு எழுந்து போனார். எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்க் கொடுத்தேன். "நல்லா இருப்பீய ஐயா" என்றார். அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் குழுவில் எல்லோரும் கேட்டார்கள்: "என்ன அண்ணாச்சி, ரிசல்ட் வந்துட்டு, உங்க பேச்சைக் காணோம்?" மெயினருவியில் குளிக்கத் தடை என்று மட்டும் எழுதிப் போட்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கமே நான் போகவில்லை. பல மாதம் கழித்து ஒரு நாள் காய்கறிப் பையோடு வந்த மனைவி சொன்னாள்: "அந்த டீக்கடைக்காரம்மா காலி பண்ணிட்டுப் போய்ட்டாவளாம். மகளோட இந்த ஜில்லாவை விட்டே போயாச்சு. பக்கத்து வீட்டுப் பொண்ணு சொன்னா." அது தெரிந்த பிறகுதான் இதை எழுதத் துணிந்தேன்.

"எந்த ஊருக்காம்?" என்று கேட்டேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

அவள் பையிலிருந்த தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றாள். "உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

சரி என்று சொன்னேன்.