திரும்பி வராத தூக்கு

அன்பானவர்களே, என் வீட்டுக்கும் என் தங்கை எஸ்தர் வீட்டுக்கும் நடுவே டவுன்ஷிப் பஸ்ஸில் பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தை நான்கு வருடமாக நான் கடக்கவில்லை. ஆண்டவர் என்னைக் கடக்கவைத்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்குச் சுரங்க வேலைக்கு வந்தவர்கள். எஸ்தர், பக்கத்துக் கிராமத்து இந்து இளைஞர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். "இனி என் வாசற்படியை மிதிக்காதே" என்றேன். அவளும் மிதிக்கவில்லை. அந்தச் சொல் என் வாயைவிட்டுப் போய்விட்டது, காதைவிட்டுப் போகவில்லை.

ஆனாலும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் மனைவி லில்லி, பால்காரரிடம் அவளுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவாள். நான் பார்க்காததுபோல் இருந்துகொள்வேன். டவுன்ஷிப்பில் பண்டிகைப் பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. சர்க்கரையோ இரண்டு வாழைப்பழமோ போட்டுத்தான் தருவார்கள். எஸ்தர் வீட்டுக்குப் போனது மட்டும் மறுநாளே வரும். கழுவித் துடைத்து, ஒன்றுமில்லாமல்.

நான்காம் வருடம், அம்மா இறந்தபின் வந்த முதல் கிறிஸ்துமஸ். பாத்திரமெல்லாம் வீடுவீடாகப் போய்விட்டதால், லில்லி அம்மாவின் தூக்குவாளியிலேயே முந்திரிக்கொத்தையும் அச்சுமுறுக்கையும் வைத்து அனுப்பிவிட்டாள். மூடியில் அம்மாவின் பெயர் வெட்டிய தூக்கு. அம்மாவின் பொருளென்று எங்களிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் அது வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. "ஆண்டவரே, அந்தத் தூக்கைத் திருப்பித் தாரும்" என்று ஜெபித்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், தங்கையைக் கேட்கவில்லை. தூக்கைத்தான் கேட்டேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த நாட்கள் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பனியில் நனைந்து வெளுத்த காகித நட்சத்திரம். டப்பாவின் அடியில் முறுக்குத் தூள். பலா மரங்களுக்கு மேலே அனல்மின் நிலையத்துப் புகை எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். நான் வாசலில் நின்று பால்காரரின் சைக்கிள் மணியைத் தேடிக்கொண்டிருப்பேன்.

நான்காம் நாள் லில்லி கேட்டாள். "ஒரு தூக்குக்கா இப்படி வாசல்ல நிக்கிய?"

உள்ளே போய்விட்டேன். அன்று முழங்காலில் நின்றபோது தூக்கு என்ற சொல் வரவில்லை. எஸ்தர் என்றுதான் வந்தது. சின்ன வயதில் விளையாட்டு முடிந்து அவளைத் தேடிக் கூப்பிடுவேனே, அந்தக் குரலில் வந்தது. அதற்கு மேல் ஜெபிக்கத் தெரியவில்லை. அழுதேன்.

மறுநாள் காலை பால்காரர் வெறுங்கையோடு வந்து சொன்னார்: "தூக்க என்கிட்ட தர மாட்டாங்களாம் சார். வேணும்னா அண்ணனையே வந்து வாங்கிக்கினு போவச் சொல்லுன்னாங்க."

அன்று எனக்கு இரண்டாம் ஷிப்ட், மதியத்துக்கு மேல்தான் வேலை. லில்லியோடு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். எஸ்தர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. படிக்குக் கீழே நின்றேன், கால் ஏறவில்லை. அவள் வெளியே வந்தாள்.

"ஏறி வாங்கண்ணே. என்னயத்தான் படி மிதிக்கக் கூடாதுன்னு சொன்னிய. நான் ஒங்கள அப்படிச் சொல்லலியே."

அவள் கணவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். அலமாரியில் தூக்கு பளபளவென்று இருந்தது. "அம்மா பேரு போட்டத வெறும் தூக்கா அனுப்ப கை வரல. என்னத்தப் போட்டு அனுப்பன்னும் தெரியலண்ணே" என்றாள். அன்றுதான் அந்த வீட்டில் முதல்முறை சாப்பிட்டேன்.

நான் கேட்டது வராமல் இருந்ததே ஆண்டவர் தந்த பதில். அவருக்கு ஸ்தோத்திரம். பிரியமானவர்களே, உங்களுக்கும் திரும்பி வராத ஒன்று இருக்கும். அவரை நம்பிக் கேளுங்கள். அவர் உங்களையே எழுந்து போகச் சொன்னால், போங்கள்.

அந்தத் தூக்கு இன்னும் எஸ்தர் வீட்டில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் முடிந்ததும் அதை வாங்கிவரப் போகிறோம். வாங்காமல் வருகிறோம்.